மே/பா பூபாலசிங்கம்

பூபாலசிங்கத்தாருக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று கொழும்புக் கம்பஸில் சொல்லாத ஆள் கிடையாது. மூக்கு நுனி வரைக்கும் அது இறங்கி வந்ததாக நான் நம்பவில்லை. நெற்றியிலேயே வீடு கட்டிக் குடியிருந்தது.

முப்பத்தாறு வருடமாக அவருக்கு ஒரே அறைதான். நிர்வாகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் தபால் அறை. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மரக் கட்டங்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு துறையின் பெயர். காலையில் பை வரும். பத்து மணிக்குள் பிரித்துக் கட்டங்களில் போட வேண்டும். பதிவுத் தபாலைப் புத்தகத்தில் ஏற்றிக் கையெழுத்து வாங்க வேண்டும். விட்டுப் போனவர்களின் கடிதத்தில் பழைய முகவரியை வெட்டிப் புதியதை எழுதி மறுபடி அனுப்ப வேண்டும். பிற்பகல் இரண்டரைக்கு வெளியே போகிற பையைக் கட்ட வேண்டும். இதுவும் ஒரு வேலையா என்று கேட்க நினைப்பவர்கள் அவரிடமே நேரில் போய்க் கேட்டுப் பார்க்கலாம். எனக்குத் தைரியம் இல்லை.

இப்போது வருவதெல்லாம் வங்கிக் கடிதமும், ஓன்லைனில் வாங்கின சப்பாத்தும்தான். தொண்ணூறுகளில் அப்படி இல்லை. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் படிக்க வந்த பெடியள் வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனை மாடிகளிலும் அறை எடுத்திருந்த காலம் அது. எங்காவது ஒரு குண்டு வெடிக்கும். அன்றைக்கே தமிழ்ப் பெடியளைத் தேடி ஆமியின் சுற்றிவளைப்பு நடக்கும். மறுநாள் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, "தம்பி, குறை நினையாதையும், வேறை இடம் பாரும்" என்பார். ஒரே வருடத்தில் ஏழு அறை மாறினவன் இருந்தான். தரைப்பாதை மூடிக் கிடந்ததால் கப்பலில் ஏறி மூன்று கிழமை கழித்து வருகிற கடிதத்துக்கு ஊரிலிருக்கும் தாய் எந்த முகவரியை எழுதுவாள்?

அதற்கு எவனோ ஒருவன் வழி கண்டுபிடித்தான். பேராசிரியர் மாறுவார், துணைவேந்தர் மாறுவார், தபால் அறையும் பூபாலசிங்கமும் மாறுவதில்லை. தன் பெயருக்குக் கீழே 'மே/பா பூபாலசிங்கம், தபால் அறை' என்று எழுதச் சொல்லி வீட்டுக்கு அறிவித்துவிட்டான். மே/பா என்றால் மேற்பார்வை. இன்னாரின் பொறுப்பில் இருக்கும் இன்னாருக்கு என்று அர்த்தம். பொறுப்பை ஏற்கிறாரா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. முதல் கடிதம் வந்த அன்று அவர் குதித்த குதியில் மேசையில் இருந்த தேத்தண்ணி கவிழ்ந்தது. ஆறு மாதத்தில் அப்படி எண்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். அவரும் ஒரு சப்பாத்துப் பெட்டியில் ஆளுக்கொரு அட்டை போட்டு, யார் இப்போது எந்த ஒழுங்கையில் என்று பென்சிலால் எழுதி வைத்தார், அழித்து எழுத வசதியாக.

நாலு மணிக்கு ஜன்னலில் வந்து நிற்பார்கள். "கொம்மா எழுதியிருக்கிறா. போன கடிதத்துக்கே நீ பதில் போடேல்லை எண்டு எனக்குத் தெரியும். முத்திரை இல்லாட்டி வாங்கிக்கொண்டு போ, மூதேசி" என்று திட்டித் திட்டிக் கொடுப்பார். அங்கேயே நின்று பிரித்து வாசித்துவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்ளுகிற பெடியனைக் கண்டால் மட்டும் திட்டுவதில்லை. உள்ளே போய்ச் சும்மா எதையாவது அடுக்குவார். கெட்ட காலம்தான் அது. திரும்பி வரவே வேண்டாம். ஆனால் அந்த ஜன்னலை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் நெஞ்சு இளகும். இத்தனை பேருக்குத் தன் பெயர் ஒரு வீடாக இருந்ததே என்று நினைப்பார். பெடியள் ரொறன்ரோவுக்கும் மெல்பேர்னுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். பெட்டியும் காலியாகிவிட்டது.

காலியான பெட்டியை மறுபடி நிரப்பியவள் ஆறாயி. கம்பஸில் துப்புரவு வேலைக்கு வந்தவள்; அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, தெமட்டகொடையில் ஒரு அறையில் இருக்கிறாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் கூட்டுகிற தும்புத்தடியோடு தபால் அறை வாசலில் நின்றாள்.

"ஐயா, எங்க வீட்டுக் கடிதத்த இங்க போடச் சொல்லலாங்களா?"

"ஏன், உங்கட தோட்டத்திலை தபால்காரன் இல்லையோ?"

"இருக்காருங்க. அவரு தோட்டத்து ஆபீஸோட நின்னுக்குவாரு. வரிசையா ஒட்டிக் கட்டின லயத்து வீட்டுக்கு நம்பர் ஏதுங்க? ஆபீஸ்ல இருக்கிறவங்க மனசு வெச்சாத்தான் கைக்கு வரும். தம்பிக்கு வேலைக்கு வரச் சொல்லி வந்த கடிதம் நாலு மாசம் மேசைக்குள்ளயே கெடந்துச்சுங்க. அவன் போய் நிக்கிறப்போ ஆள் எடுத்து முடிச்சிட்டாங்க."

"இது கம்பஸோ, உங்கட தோட்டத்துக் கந்தோரோ? போ, போ, அங்காலை படியைக் கூட்டு!" என்று விரட்டிவிட்டார். பிறகு அரை மணித்தியாலம் பொறுத்து, அவள் கூட்டிக்கொண்டிருந்த படிக்கே தேடிப் போய், "தம்பியின்ரை முழுப் பெயர் என்ன? வடிவாய்ச் சொல்லு" என்று கேட்டார்.

தம்பியோடு தொடங்கியது, பிறகு தகப்பன், சித்தப்பா, பக்கத்துக் காம்பிரா வீட்டுக்காரர் என்று பத்தொன்பது பெயராகிவிட்டது. அடையாள அட்டை அலுவலகத்துக் கடிதம், பரீட்சைத் திணைக்களத்துக் கடிதம், ஆஸ்பத்திரிக் கடிதம் எல்லாம் தோட்டத்து ஆட்களுக்குக் கொழும்புக் கம்பஸ் வழியாகவே போயின. கடிதம் வந்தால் ஆறாயிக்குச் சொல்லுவார். ஊருக்குப் போகிறவர்கள் யாரும் இல்லையென்றால் பெரிய உறை ஒன்றில் போட்டு, தன் கையாலேயே முகவரி எழுதி, அவளுடைய தகப்பன் பெயருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புவார். பதிவுத் தபால் என்றால் தோட்டத்து ஆபீசும் கொஞ்சம் பயப்படும். வாயில் வசவு ஓயாது, கையில் வேலையும் ஓயாது. அவர் அப்படித்தான்.

ஆறாயியின் கடைசித் தங்கச்சி டிலக்ஷி உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணி, தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். அந்த லயத்தில் அதுவரை அந்தப் படி ஏறினவர்கள் இல்லை. விண்ணப்பத்தில் முகவரி எழுதின இடத்தில், "ஐயா பேரத்தாங்க போட்டிருக்கு" என்று ஆறாயி சொன்னபோது, அவர் "என்னைக் கேளாமல் ஆர் போடச் சொன்னது?" என்று பாய்ந்தார். அன்று முழுக்க முகம் மட்டும் மலர்ந்தே இருந்தது.

ஓய்வு பெற இருபத்தாறு நாள் இருக்கும்போது வந்தது வினை. புதிதாக வந்த உதவிப் பதிவாளர் கிறிஸ்ரிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மரியாதையான பிள்ளை, கெட்டவன் இல்லை. திங்கட்கிழமை காலை தபால் அறையைப் பார்க்க வந்தவன், மேசையில் தனியாக அடுக்கியிருந்த கடிதங்களைப் புரட்டினான்.

"அங்கிள், இவையள் ஆர்? ஸ்டாஃபும் இல்லை, ஸ்டூடன்ஸும் இல்லையே?"

"தெரிஞ்ச ஆக்கள்."

"தெரிஞ்ச ஆக்களுக்கு அவையின்ரை வீட்டு அட்ரஸ் இருக்குத்தானே. இது யுனிவர்சிட்டி அங்கிள், கொம்யூனிகேஷன் இல்லை. ரூல்படி எங்கட ஆக்கள் இல்லாத எல்லாத்தையும் ரிட்டர்ன் பண்ணுங்கோ."

போட்டோகொப்பியும் ரீலோட் கார்டும் விற்கிற கொம்யூனிகேஷன் கடையோடு தன் அறையை ஒப்பிட்டது, பச்சைப் புண்ணில் புளி பிழிந்தது போலாயிற்று. நின்று நாலு வார்த்தை விளங்கப்படுத்தியிருந்தால் கிறிஸ்ரி கேட்டிருப்பான். ஆனால் விளங்கப்படுத்துவது பூபாலசிங்கத்தாரின் ஜாதகத்திலேயே இல்லை. "ரூல் எண்டால் ரூல்தான். முப்பத்தாறு வருஷத்திலை எனக்கு ரூல் படிப்பிக்க ஆள் வந்திட்டுது, சந்தோஷம்!" என்று கதவைச் சாத்தினார்.

கோபத்தோடு உட்கார்ந்து சிவப்புப் பேனையை எடுத்தார். மேசையில் அடுக்கியிருந்தவை பதினான்கு கடிதங்கள். கூடவே அன்று காலை வந்த பையிலிருந்து எடுத்த நான்கையும் பெயரைப் பார்க்காமல், மே/பா இருந்தாலே போதுமென்று சேர்த்துக்கொண்டார். ஒவ்வொரு உறையிலும் முகவரிக்குக் குறுக்கே 'அப்படி ஒருவர் இல்லை' என்று மூன்று மொழியிலும் எழுதிக் கையெழுத்தும் வைத்தார். 'பொறுப்பேற்க முடியாது' என்றாவது எழுதியிருக்கலாம். அந்த நேரம் அவருக்கு யார் மேல் கோபம் என்று அவருக்கே தெரியவில்லை. பையைக் கட்டி, கொட்டுகிற மழையில் தானே சுமந்துபோய் உபதபாலகத்தில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். இரவு புட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். மழைக்குணம், பசிக்கவில்லை என்று மனைவியிடம் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஆறாயி ஓடி வந்தாள். தும்புத்தடியைக்கூட வைக்கவில்லை.

"ஐயா, தங்கச்சிக்குக் கடிதம் வந்துச்சுங்களா? அவளோட படிச்ச பிள்ளைக்கு வந்திருச்சாம். வியாழக்கெழம காலையில கொழும்புல இன்டவியூங்க. அந்தக் கடிதம் இல்லன்னா கேட்டுக்குள்ளயே விட மாட்டாங்களாம்."

பூபாலசிங்கத்தார் திரும்பிக் காலியான மேசையைப் பார்த்தார். நேற்றைய பையில் நீளமான பழுப்பு உறை ஒன்று இருந்தது. எழுதுகிறபோது பார்க்காத பெயர் இப்போது கண்ணுக்கு நேரே வந்து நின்றது. செல்வி டிலக்ஷி, மே/பா பூபாலசிங்கம்.

"வந்தது..." என்றார். "புது ஐயா வெளியாக்களின்ரை எல்லாத்தையும் திருப்பச் சொல்லிட்டார் பிள்ளை."

சொன்னதில் பொய் இல்லை. உண்மையும் இல்லை. ஆறாயி வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். அழக்கூட இல்லை.

"எழும்பு. எழும்பு எண்டுறன்! பன்னிரண்டு மணிக்கு இஞ்சை வா" என்றவர், அறையைப் பூட்டாமலே வெளியே ஓடினார். முப்பத்தாறு வருடத்தில் அது முதல் தடவை. காலி வீதியில் ஒரு திரீவீலை மறித்து ஏறினார். மழை வெள்ளத்தால் நேற்று மாலை தபால் வண்டி வரவில்லை என்று காலையில் வேலைக்கு வரும் வழியில் யாரோ கதைத்தது காதில் விழுந்திருந்தது. வராத வண்டி இன்றைக்குப் பதினொரு மணிக்கு வரும். பை மத்திய தபாலகத்துக்குப் போய்விட்டால் ஆண்டவனே வந்தாலும் வியாழனுக்குள் தேடி எடுக்க முடியாது.

உபதபாலகத்தில் தாரிகா மிஸ் இருந்தார். கண்ணாடியும் கண்டிப்புமான மனுசி. பத்து வருடமாகப் பையைக் கொடுத்து ரசீது வாங்கியதைத் தவிர இருவரும் அதிகம் கதைத்ததில்லை. ரசீதில் ஒரு எண் பிசகினால் இரண்டு பேருமே விடமாட்டார்கள். இனம் இனத்தோடு என்பார்களே, அப்படி. கதை சிங்களத்தில் நடந்தது.

"நேற்றுப் போட்ட பையில் ஒரு கடிதம் திரும்ப வேண்டும், நோனா."

"ஏலாது மாத்தயா. ரசீது போட்டாயிற்று. இனி முடியாது." பிறகு கேட்டார்: "கடிதத்தை அனுப்பியவர் நீங்களா?"

"இல்லை."

"உங்கள் பெயருக்கு வந்ததா?"

"இல்லை."

"அப்படியென்றால் நீங்கள் யார்?"

இதே கேள்வியை இதே குரலில் அவர் ஜன்னலுக்கு உள்ளே நின்று ஆயிரம் பேரிடம் கேட்டிருக்கிறார். வெளியே நின்று கேட்கப்படுவது இப்படி இருக்கும் என்று தெரியாமல் போய்விட்டதே என்று வெட்கமாக இருந்தது. அடையாள அட்டையை எடுத்துக் கம்பிக்குள் நீட்டினார். "அந்த உறையில் மே/பா என்று போட்டிருக்கும் பெயர் என்னுடையது. அந்தப் பிள்ளைக்கு நாளை மறுநாள் நேர்முகம். அவர்களுடைய லயத்துக்கு இலக்கமே இல்லை, நோனா. என் பெயரை நம்பித்தான் போட்டார்கள்."

தாரிகா மிஸ் மணிக்கூட்டைப் பார்த்தார். பத்து நாற்பது. எழும்பிப் போய், மூலையில் கிடந்த பையை இழுத்து வந்து, முடிச்சை அவிழ்த்து மேசையில் கொட்டினார். பழுப்பு உறையை எடுத்து அட்டையோடு ஒப்பிட்டார்.

"உங்கள் பெயர் இருக்கிறது, சரி. ஆனால் அப்படி ஒருவர் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்ததும் நீங்கள்தான். நான் எந்தப் பூபாலசிங்கத்தை நம்ப?"

தாரிகா மிஸ் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"எழுதித் தாருங்கள். இதில் எழுதியது சரியில்லை, இந்தப் பெயர்க்காரர் இருக்கிறார் என்று எழுத வேண்டும். கையெழுத்து, பதவி எல்லாம் வேண்டும். ஒரு பிரதி உங்கள் பதிவாளருக்குப் போகும். எனக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள்."

பதிவாளருக்குப் போனால் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வரும். அவருடைய சேவைக் கோப்பில் அப்படி ஒரு தாளும் இருந்ததில்லை. கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் அவர் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார். இன்னும் இருபத்தைந்து நாள். தாளை எடுத்து, 'தவறுதலாக எழுதிவிட்டேன்' என்று தொடங்கினார்.

எதிரே இருந்தபடி தலைகீழாக வாசித்த தாரிகா மிஸ், "தவறுதலாகப் பதினெட்டுக் கடிதத்திலா?" என்று கேட்டார். நக்கல் இல்லை, உண்மையாகவே கேட்டார்.

அவர் அந்த வரியை வெட்டினார். 'கோபத்தில் எழுதினேன். எழுதியது பொய். இந்தப் பதினெட்டுப் பேரும் இருக்கிறார்கள், எல்லோரையும் எனக்குத் தெரியும்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். வெளியே வண்டி வந்து ஹோர்ன் அடித்தது. தாரிகா மிஸ் பதினெட்டையும் ஒரு ரப்பர் பட்டியில் கட்டி, கம்பிக்குக் கீழால் தள்ளினார்.

திரீவீலில் திரும்பி வரும்போது கட்டின் மேலே அந்தப் பழுப்பு உறை மடியில் கிடந்தது. சிவப்பு எழுத்து முகவரியை ஒரு கரையிலிருந்து மறுகரை வரைக்கும் வெட்டியிருந்தது. உறையைக் கிழித்தெறிந்துவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் கொடுத்தால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. பிறத்தியாரின் கடிதத்தைப் பிரிக்காத கை அது. அந்த நினைப்பை வந்த வழியே அனுப்பினார்.

ஆறாயி பன்னிரண்டு மணிக்கு முன்பே வாசலில் நின்றாள். உறையைக் கண்டதும் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றினாள். "நீங்க நல்லா இருக்கணும் ஐயா. தெய்வம் மாதிரிங்க" என்றாள். அந்த வார்த்தை அவரைச் சுட்டது. போய்விட மாட்டாளா என்றிருந்தது. அவள் போகவில்லை. மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்தைக் கண்டால் விரலை வைத்துக் கூட்டி வாசிக்காமல் விடமாட்டாள். இப்போதும் விரலை வைத்தாள்.

"அ...ப்...ப...டி... ஒ...ரு...வ...ர்..." விரல் கடைசிச் சொல்லுக்குப் போய் நின்றது. "இல்லை."

அவர் மேசையில் கிடந்ததை எடுத்துச் சும்மா அடுக்கினார்.

"எங்க தோட்டத்து ஆபீஸ்லதாங்க இப்படி எழுதித் திருப்புவாங்க" என்றாள். பிறகு உறையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். பன்னிரண்டு வருடமாகத் தகப்பன் பெயரைப் பெரிய உறைகளில் எழுதின எழுத்து அது. அவளுக்குத் தெரியாதா? "இது புது ஐயா எழுத்து இல்லைங்களே."

"இல்லை" என்றார் பூபாலசிங்கத்தார். "நான்தான் பிள்ளை எழுதினனான். அந்தாளோடை கோவம். பெயரைக்கூடப் பார்க்கேல்லை. உன்ரை முகத்தைப் பார்த்துச் சொல்லவும் எனக்கு வாய் வரேல்லை."

திட்டுவாள் என்று நின்றார். திட்டினால் நல்லது என்றும் நின்றார். எண்பது பெடியளைத் திட்டியே வளர்த்த மனிதருக்கு அது பழகிப்போன பாஷை. ஆறாயி திட்டவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, அதைத் துடைக்கவுமில்லை. உறையை மேசையில் வைத்து, மேலே கிடந்த பேனையை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள். இத்தனை வருடத்தில் அவள் அவரிடம் கேட்டதெல்லாம் கெஞ்சிக் கேட்டதுதான். இது கெஞ்சல் இல்லை.

"அவ இருக்கான்னு எழுதுங்க."

அவர் பேனையை வாங்கினார். சிவப்பு வரிக்கு மேலே இடம் கிடையாது. கீழே, ஓரத்தில், கொஞ்சம் இருந்தது. 'இருக்கிறார்' என்று எழுதி, கையெழுத்து வைத்து, தேதியும் போட்டார்.

ஆறாயி குனிந்து, எழுத்தெழுத்தாக விரல் வைத்து, கடைசி எழுத்துவரை வாசித்தாள். பிறகு தங்கச்சியைக் கொழும்புக்கு வருகிற கோச்சியில் ஏறச் சொல்லப் போனை எடுத்தாள்.